இன்ஜங்ஷன் என்றால் தடை உத்தரவா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்சுவெட்டென் பூர்வகுடிகளின் நிலம் வழியாக எரிவாயுக் குழாய் போன விவகாரத்தைத் தமிழில் எழுதும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'தடை உத்தரவை மீறியவர்கள் கைது'. படிக்கிறவர் என்ன நினைப்பார்? கலெக்டர் 144 போட்டிருக்கிறார், மீறிக் கூட்டம் கூடினார்கள், போலீஸ் பிடித்துப் போனது என்றுதான். நடந்தது வேறு.

அங்கே இருந்தது இன்ஜங்ஷன். 'மேலே சேர், சுமத்து' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். வழக்குக்கு வந்த ஒருவர் கேட்க, எதிர்த்தரப்பின் மேல் நீதிமன்றம் சுமத்தும் கட்டளை. 'செய்யாதே' என்றும் இருக்கலாம், 'செய்' என்றும் இருக்கலாம்.

இதற்குத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: உறுத்துக் கட்டளை. வரப்புத் தகராறு வழக்குரை எதை எடுத்தாலும் 'நிரந்தர உறுத்துக் கட்டளைப் பரிகாரம்' என்ற தொடர் கண்ணில் படும். கட்டிய சுவரை இடித்து எடு என்று கேட்டால் அது செயலுறுத்துக் கட்டளை. 'கண்ணில் தூசி உறுத்துவது மாதிரி இருக்கிறதே' என்று சிலர் சிரிப்பார்கள். வலியுறுத்து, அறிவுறுத்து என்று தினமும் எழுதுகிறோமே, அதே உறுத்துதான். லத்தீன்காரன் நினைத்ததும் கிட்டத்தட்ட இதையேதான்.

இதை விட்டுவிட்டு ஏன் தடை உத்தரவைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அந்த ஒரு சொல் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. 144 (இப்போது சட்ட எண் மாறி 163) தடை உத்தரவு. கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேல்கோர்ட் நிறுத்திவைத்தால் அதுவும் தடை உத்தரவு. ஜனங்கள் 'ஸ்டே' என்பார்கள். மூன்றாவதாக இன்ஜங்ஷனையும் அதன் தலையில் ஏற்றினால், 'குழாய்த் திட்டம்: நீதிமன்றம் தடை உத்தரவு' என்ற தலைப்பைப் பார்த்துத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவர் சந்தோஷப்பட்டால் அவர் மேல் குற்றமில்லை. உண்மையில் உத்தரவு வாங்கியதே கோஸ்டல் கேஸ்லிங்க் என்ற குழாய் நிறுவனம்தான்.

2018 டிசம்பரில் அது வாங்கிய முதல் கட்டளையின் சாரம், மோரிஸ் ஆற்றுப் பாலத்தில் குழாயை எதிர்ப்பவர்கள் போட்டிருந்த தடுப்பை எடுத்துவிட்டு வேலையாட்களுக்கு வழிவிட வேண்டும் என்பது. அதாவது தடையை அகற்றச் சொல்லும் தடை உத்தரவு! இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு எப்படித்தான் அடுத்த வரிக்குப் போக முடிகிறதோ.

சொல் மாறியதால் முக்கியமான ஒன்று மறைந்துபோகிறது. 144 என்றால் அரசே போடுவது. இன்ஜங்ஷன் ஒருவர் கேட்டு வாங்குவது. 2019 ஜனவரி 7 அன்று, எதிர்ப்பாளர்களே அமைத்திருந்த கிடிம்டென் சோதனைச் சாவடியில் 14 பேரைக் கைது செய்த கனடாவின் மத்திய போலீஸ், ஒரு தனியார் நிறுவனம் பெற்ற கட்டளையைத்தான் அமல்படுத்தியது. 2019 டிசம்பர் 31 அன்று கட்டளை நீட்டிக்கப்பட்டபோது, மீறுவோரைக் கைது செய்து அப்புறப்படுத்தப் போலீசுக்கு அதிகாரம் தரும் பிரிவும் அதிலேயே இருந்தது. 2020 பிப்ரவரியிலும் 2021 நவம்பரிலும் அதை வைத்துத்தான் திரும்ப வந்தார்கள். 2021இல் பிடிபட்டவர்களில் இரண்டு ஊடகவியலாளர்களும் உண்டு. யாருக்காகப் போலீஸ் வருகிறது என்பதுதான் அங்கே சண்டையே. தமிழ்ச் செய்தியில் அந்த 'யார்' காணாமல் போய்விடுகிறது.

நிலம் யாருடையது என்றும் இந்தக் கட்டளை முடிவு செய்யவில்லை. வெட்சுவெட்டென் தலைவர்களும் சேர்ந்து தொடுத்த டெல்கமூக் வழக்கில் 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் பூர்வகுடி நில உரிமை என்றால் என்ன என்று விளக்கிவிட்டு, இந்த நிலத்துக்கு அது உண்டா என்பதை மறுவிசாரணைக்கு விட்டது. அது இன்னும் தீராமல் கிடக்கிறது. 'தடை உத்தரவை மீறி அத்துமீறினர்' என்று எழுதுகிறவர் கோர்ட் சொல்லாத தீர்ப்பைத் தானே சொல்லிவிடுகிறார். 2020 ஜனவரியில் வெட்சுவெட்டென் மரபுவழித் தலைவர்கள் அந்த நிறுவனத்தை வெளியேறச் சொல்லித் தாங்களே நோட்டீஸ் கொடுத்தார்கள். அவர்கள் கணக்கில் அத்துமீறியது யார்?

தனித்தமிழ் அன்பர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: உத்தரவு வடமொழி, ஆகவே 'தடையாணை'. சரி, உத்தரவு போயிற்று. தப்பு இருந்த இடமோ 'தடை'. அதை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியைக் கழுவித் துடைப்பதில் என்ன லாபம்? எனக்குத் தூய்மையில் சண்டையில்லை. பொருள் கெட்டபின் தூய்மையை வைத்து என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

தலைப்பில் இடம் போதாது என்றால் 'நிறுவனம் பெற்ற நீதிமன்றக் கட்டளை' என்று போடலாம். அதுவும் நீளம் என்றால் இன்ஜங்ஷன் என்றே எழுதிவிடலாம். வாய்க்கால் தகராறுக்குக் கோர்ட் படி ஏறிய எந்த விவசாயிக்கும் அது புரியும்.