இஸ்திரிப் பெட்டியும் அமிக்டலாவும்

2015 டிசம்பர் 1 இரவு, சென்னை ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் ஏறியபோது அப்பா மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இஸ்திரிப் பெட்டியை. என் மார்க் ஷீட், வீட்டுப் பத்திரம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் கீழே பீரோவில் இருந்தன. "ஏங்க, இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று அம்மா கேட்டதும், கையில் இருப்பதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் இடித்தால்கூட ராத்திரி தூங்க மாட்டார்.

வீட்டில் இது பல வருடம் கேலிக்கதையாக ஓடியது. மூளை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் படித்த பிறகு எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

நம் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் பொட்டுக்கு உட்புறமாக, மண்டைக்குள் இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் ஒவ்வொரு நரம்புக் கொத்து இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்து என்று அதற்குப் பட்டுவிட்டால், நிதானமாக யோசிக்கும் பகுதி சரி சொல்லட்டும் என்று காத்திருக்காது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குத் தகவல் போகும். அங்கிருந்து, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போகும். அட்ரினலின் ரத்தத்தில் கலந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கொஞ்சம் தாமதமாக வரும். உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

ஓடவும் தூக்கவும் இது அருமையான ஏற்பாடு. பாட்டியைத் தோளில் சுமந்து மாடியேறியவர்கள் சென்னையில் எத்தனையோ பேர். ஆனால் நெருக்கடியில் மூளைக்குள் பெருகும் ரசாயனங்கள் அளவு மீறும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி மந்தமாகிவிடுகிறது. எது முக்கியம், எதை விடலாம், அடுத்தது என்ன என்று வரிசைப்படுத்துவது அந்தப் பகுதியின் வேலை. அது கையை விரித்ததும் பழக்கம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அப்பா தினமும் காலையில் முதலில் தேடுவது இஸ்திரிப் பெட்டியைத்தான். அன்றைக்கும் கை தன் பாட்டுக்கு அங்கே போயிருக்கும் என்பது என் ஊகம்.

பேரிடர் என்றால் ஜனங்கள் அலறியடித்து ஓடுவார்கள் என்று சினிமா நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆட்கள் நகராமல் நிற்பதுதான் பிரச்சினை. "நம்ம தெருவுக்கெல்லாம் வராதுப்பா" என்போம். பக்கத்து வீட்டைப் பார்ப்போம், அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள், இரண்டு வீடும் காபி போடும். வழக்கமான நாள் இது என்று நம்பவே மூளை விரும்புகிறது. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அப்படியொரு ராத்திரியில் நாங்கள் தெருமுனைத் தண்ணீரை டார்ச் அடித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு சித்திரவதை, காத்திருப்பது. ஏரியைத் திறப்பார்களா, மாட்டார்களா? 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் பாறைகள் வரும். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் சுரீரென்று ஷாக். வியர்வையையும் கண் பாப்பா விரிவதையும் அளந்து பார்த்தால், ஷாக் நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்ற நிலையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நிச்சயமான அடியை மனம் தாங்கிக்கொள்கிறது. 'வருமா வராதா' அதை அரித்துவிடுகிறது. ரெட் அலர்ட் இரவில் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் தீயாய்ப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பொய்யோ மெய்யோ, ஏதாவது ஒரு பதில் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முன்மூளை நன்றாக வேலை செய்யும் நாளிலேயே முடிவை எடுத்து வைத்துவிட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். 'ஜாக்கிரதையாக இருப்பேன்' என்ற பொதுவான உறுதியைவிட 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்ட திட்டம் மிக அதிகமாகச் செயலுக்கு வருகிறது என்பது அவர் கண்டது. சூழ்நிலையே பொத்தானை அழுத்திவிடும், அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுத் திட்டம் இப்போது இதுதான்: தண்ணீர் வாசல் படியின் இரண்டாவது கல்லைத் தொட்டால், மெயினை அணைத்துவிட்டுப் பத்திரப் பையோடு மாடி வீட்டு அக்கா வீட்டுக்குப் போவது. மூன்றாவது கல்லுக்குக் காத்திருப்பதில்லை. இதை வருடத்துக்கு ஒரு தடவை, அக்டோபரில், வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்தே பார்க்கிறோம். அப்பாவுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பழக்கம்தான் அந்த நேரத்தில் வண்டியை ஓட்டப்போகிறது என்றால், சரியான பழக்கத்தை முன்கூட்டியே ஏற்றிவைப்பது நல்லது இல்லையா?

இந்தக் கணக்கில் வேளச்சேரிக்காரர்கள் நம் எல்லாருக்கும் முன்னோடி. மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்களே, 2024 அக்டோபரில்கூட அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது வேறு விஷயம். மனத்துக்கு அது மருந்து. தன் கையில் ஒரு பிடி இருக்கிறது என்ற உணர்வு வந்தாலே பதற்றம் இறங்கும்.

உடம்புக்குள்ளும் ஒரு பிடி உண்டு, மூச்சு. இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை இது. அதனால் இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், துடிப்பு மெல்ல இறங்குகிறது. கரண்ட் போன இருட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் செய்யலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு நடப்பது வேறு கதை. பயந்த நேரத்தில் உடன் இருந்த வாசனை, சத்தம் எல்லாவற்றையும் அமிக்டலா பயத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்கிறது. ஊறிய சாக்கடை மண் வாசனை வந்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும். எத்தனையோ மழைகள் சும்மா பெய்து ஓய்ந்தபோதும் இது போகவில்லை. ஏனென்றால் பழைய பயம் அழிவதில்லை, 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நவம்பரிலும் அடி எழுத்து கொஞ்சம் தெரியும். 2023 மிக்ஜாம் புயலின்போது நன்றாகவே தெரிந்தது.

முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும், சும்மா எரிந்து விழுவதும் நோயில்லை. பெரும்பாலானவர்கள் தானாகவே மீண்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் கனவும் திடுக்கிடலும் விடாமல் இருந்தால், வேலையே ஓடாமல் இருந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து "என்ன நடந்தது, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கிளறுவது நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவி வழிகாட்டி சொல்வது மூன்றே வேலை: பார், கேள், இணைத்துவிடு. என்ன தேவை என்று பார். பேச விரும்பினால் கேள், விரும்பாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார். உதவி இருக்கும் இடத்தோடும் சொந்தக்காரர்களோடும் சேர்த்துவிடு. அன்று மாடி வீட்டு அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காய்ந்த துண்டு கொடுத்தார், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரசம் வைத்தார், ஊரில் இருக்கும் அத்தைக்கு என்னோடு சேர்ந்து விடாமல் போன் போட்டுப் பார்த்தார்.

இன்னொன்று, அடிக்கடி விட்டுப்போவது. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளம் என்றால் மருந்துக்கடையும் மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸும் சேர்ந்து நிற்பது. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். மழைக்காலம் தொடங்கும்போதே மருத்துவரிடம் சொல்லி இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, சீட்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பது நல்லது.

எங்கள் வீட்டுக் கதவின் பின்னால் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பத்திரப் பை, மாத்திரை, ரேஷன் கார்டு, டார்ச், பவர் பேங்க் என்று அப்பாவின் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் எண் போட்டு இருக்கும். கடைசி வரி மட்டும் அம்மா எழுதியது: இஸ்திரிப் பெட்டி வேண்டாம்.