குவேக்கர் ஆவண ஆய்வு: நல்கை கேட்பதற்கு முன் ஏடு எங்கே என்று பாருங்கள்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களின் நல்கை விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. ஆய்வுக் கேள்வி நன்றாக இருக்கும். அதற்கு விடை தரக்கூடிய ஏடு எந்தக் காப்பகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பது மட்டும் இருக்காது. ‘லண்டன் சென்று குவேக்கர் ஆவணங்களைப் பார்வையிடுவேன்’ என்ற ஒற்றை வரிக்கு எந்தத் தேர்வுக்குழுவும் பணம் ஒதுக்காது.

இந்த ஆவணங்கள் ஒரே கூரையின்கீழ் இல்லை. லண்டன் யூஸ்டன் சாலையில், ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸில் இருக்கும் நூலகத்தின் வரலாறு 1673இல் தொடங்குகிறது. பிரிட்டன் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டப் பதிவுகளும், நம்பிக்கைக்காகச் சிறையும் அபராதமும் அனுபவித்தவர்களைப் பற்றிய பெரும் ஏடுகளும் அங்கே உள்ளன. ஆனால் குவேக்கர்களின் உள்ளூர், வட்டார நிர்வாக அமைப்புகளான ஊர்ப்புறத்து மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டங்களின் குறிப்பேடுகள் பெரும்பாலும் அந்தந்த வட்டார ஆவணக் காப்பகங்களில்தான் இருக்கின்றன. யார்க்‌ஷயர் ஏடுகளில் பெரும்பகுதியைப் பார்க்க லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். பிறப்பு, திருமணம், அடக்கம் பற்றிய மூலப் பதிவேடுகள் 1840இல் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அவை இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசையில் உள்ளன. அவற்றை இணையத்திலேயே படங்களாகப் பார்க்கலாம் என்பதால், அதற்குப் பயணச் செலவு கேட்டால் விண்ணப்பம் பலவீனப்படும்.

பெயரை நம்பியும் ஏமாறலாம். குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்துக் கடிதங்கள் அடங்கிய ‘ஸ்வார்த்மோர் கையெழுத்துப் பிரதிகள்’ லண்டனில் இருக்கின்றன. பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரி வேறு. அங்கே இருக்கும் குவேக்கர் வரலாற்று நூலகம் 1871இல் தொடங்கப்பட்டது. ஃபிலடெல்ஃபியா குவேக்கர்கள் 1827இல் ஹிக்ஸைட், ஆர்த்தடாக்ஸ் என்று இரு பிரிவுகளாகப் பிரிந்தார்கள். ஹிக்ஸைட் ஏடுகள் பெரிதும் ஸ்வார்த்மோருக்கும், ஆர்த்தடாக்ஸ் ஏடுகள் பெரிதும் ஹேவர்ஃபோர்டு கல்லூரிக்கும் போயின. ஆகவே எந்தப் பிரிவைப் படிக்கிறீர்கள் என்பதை வைத்தே எந்தக் கல்லூரியிடம் நல்கை கேட்பது என்று முடிவாகிவிடும். ஹேவர்ஃபோர்டின் கெஸ்ட் ஃபெலோஷிப்பும் ஸ்வார்த்மோரின் மூர் ஃபெலோஷிப்பும் அந்தந்தத் தொகுப்பில் வேலை செய்பவர்களுக்கானவை. ஒன்றுக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பெயர் மாற்றி மற்றொன்றுக்கு அனுப்பினால், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தியா தொடர்பான ஆய்வுகளுக்கு ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்தான் முதல் இடம். 1866இல் தொடங்கி, பின்னர் மத்திய இந்தியாவில், குறிப்பாக ஹோஷங்காபாத் பகுதியில், நடந்த குவேக்கர் மிஷன் பணி பற்றிய ஆவணங்களும், பிரிட்டன் அரசுக்கும் இந்தியத் தலைவர்களுக்கும் இடையே இணக்கம் தேட 1931இல் தொடங்கிய இந்திய சமரசக் குழுவின் தாள்களும் அங்கே உள்ளன. 1928இல் சென்னை பென்டிங்க் பள்ளிக்கு ஆசிரியராக வந்து, தமிழ் கற்று, பிற்காலத்தில் கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலேயக் குவேக்கர் போன்றவர்களைப் பற்றி இன்னும் நிறையவே எழுதலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: 50 ஆண்டுக்கு உட்பட்ட உள்விவகாரப் பதிவுகள் பொதுவாக மூடப்பட்டிருக்கும். நேரில் போன பிறகு இது தெரிந்தால் நல்கை வீண்.

இந்தியாவிலிருந்து பிரிட்டன் செல்பவர்கள் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையின் குறுகிய கால ஆய்வு நல்கையையும் பார்க்கலாம். எந்த நல்கையானாலும் தொகையும் கடைசித் தேதியும் மாறக்கூடியவை. அந்த ஆண்டு அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.

செலவுத் திட்டத்தில் நாட்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று காட்டுவதுதான் முக்கியம். நான்கு ஏடுகள், ஏட்டுக்கு 300 பக்கம் என்றால் மொத்தம் 1,200 பக்கம். பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தை நாளைக்கு 40 பக்கம் வாசித்தாலும் 30 வேலைநாள் வேண்டும். இரண்டு வாரம் கேட்டால் நம்பமாட்டார்கள். முதலில் இணையத்திலுள்ள ஒரு பக்கத்தைப் படித்து உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு எதை அங்கேயே வாசிப்பது, எதைப் படமெடுத்து வருவது என்று பிரித்து எழுதுங்கள். படமெடுக்கக் கட்டணம் உண்டா, ஏட்டை எத்தனை நாள் முன்னே கேட்டு வைக்க வேண்டும், வாசிப்பறை வாரத்தில் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்ற மூன்றையும் காப்பகருக்கு எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் மடலே விண்ணப்பத்துக்கு நல்ல சான்று.

தேதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. குவேக்கர்கள் மாதத்துக்குப் பெயர் சொல்லாமல் எண் சொல்வார்கள். பிரிட்டன் நாட்காட்டியை மாற்றிய 1752க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச். அப்போது புத்தாண்டும் மார்ச் 25இல்தான் பிறக்கும். ‘1690, 11ஆம் மாதம், 12ஆம் நாள்’ என்று ஏட்டில் இருந்தால், இன்றைய வழக்கில் ஆண்டு 1691, மாதம் ஜனவரி. இதைத் தவறாக மாற்றினால் ஏட்டு எண்ணும் தவறாகும், கேட்ட ஏடும் வேறாக வரும்.

அமெரிக்க நல்கைகளில் வரியையும் கழித்துப் பாருங்கள். வெளிநாட்டவருக்குத் தரும் உதவித்தொகையில் பொதுவாக 30 சதவீதமும், ஜே வகை (கல்விப் பரிமாற்ற) விசாவில் இருந்தால் 14 சதவீதமும் பிடிப்பார்கள். சில நல்கைகளில் செலவுச்சீட்டைக் கொடுத்த பிறகுதான் பணம் வரும். அதனால் விமானச்சீட்டுக்கும் முதல் வாரத் தங்கலுக்கும் கைப்பணம் வேண்டும். நெறியாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது பார்க்கப்போகும் ஏடுகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் அவர் பொதுவாகப் பாராட்டாமல், இந்த ஏடுகள் ஆய்வுக்கு ஏன் தேவை என்று எழுத முடியும்.