நிலைப்படியில் ஒட்டிக்கொள்ளும் கால்

"கால் தரையில பசை போட்ட மாதிரி ஒட்டிக்குது டாக்டர்" என்றார் அவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதர், இப்போது கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைப்படியில் சிலை மாதிரி நிற்கிறார். "இழுத்தா இன்னும் ஒட்டிக்கிறார். தள்ளினா விழுந்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்றார் மனைவி.

பார்க்கின்சன் நோயில் இதை உறைதல் என்போம். காலில் பலம் இருக்கிறது. யோசிக்காமலே நடக்கவும் திரும்பவும் வைக்கும் மூளைப் பகுதிக்கு டோபமைன் என்ற ரசாயனம் போதவில்லை. அதனால் 'கிளம்பு' என்ற உத்தரவு உள்ளேயிருந்து எழும்புவதில்லை. அதே உத்தரவு வெளியிலிருந்து வந்தால், அதாவது கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால், மூளை வேறு வழியில் வேலையை முடித்துக்கொள்கிறது. நிலைப்படிக்கு முன்னால் சாக்பீஸால் நான்கு குறுக்குக் கோடு போட்டு, "கோட்டை மிதிக்காமத் தாண்டுங்க" என்றேன். தாண்டிவிட்டார். மறுவாரம் போனால் அந்தம்மா அதே இடத்தில் கோலமாவில் கோடு இழுத்து வைத்திருக்கிறார்! மாவு வழுக்கும் என்று சொல்லி, கலர் டேப் ஒட்டச் சொன்னேன்.

கோடும் தாளமும் எங்கள் கண்டுபிடிப்பு என்று பிசியோக்கள் நினைத்துக்கொள்கிறோம். ஆடுகிறவர்களுக்கு அதுதான் அன்றாடச் சோறு. எடையை எந்தக் காலுக்கு மாற்றினால் எந்தக் கால் கிளம்பும் என்பதை அவர்கள் பத்து வயதிலேயே உடம்பால் படித்துவிடுகிறார்கள்.

இதைச் சரியாகப் பிடித்தவர் நியூயார்க்கின் புரூக்ளினில் பார்க்கின்சன் நோயாளிகளுக்காக ஒரு குழுவை நடத்திவந்த ஓலி வெஸ்ட்ஹைமர். 2001இல் அவர் போய்க் கதவைத் தட்டியது ஆஸ்பத்திரியில் இல்லை. நவீன நடனக் கலைஞர் மார்க் மோரிஸின் நடனக் குழுவிடம். 1980இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அந்த அமைப்பு அப்போதுதான் சொந்தக் கட்டடத்தைத் திறந்திருந்தது. (நம்மூர் ரசிகர்களுக்கு ஒரு சேதி: இதே மோரிஸ் 1984இல் தியாகராஜரின் 'ஓ ரங்கசாயி'யை எம்.எஸ். குரலில் ஒலிக்கவிட்டுத் தனியாக ஆடியவர்.) வெஸ்ட்ஹைமர் கேட்டது உடற்பயிற்சி வகுப்பு இல்லை, நிஜ நடன வகுப்பு. குழுவில் ஆடிக்கொண்டிருந்த டேவிட் லெவென்தாலும் ஜான் ஹெகின்பாதமும் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். இன்று அது 'டான்ஸ் ஃபார் பிடி' (பிடி என்றால் பார்க்கின்சன் நோய்) என்ற பெயரில் 25க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. புனேயில் ஹ்ரிஷிகேஷ் பவார் நடத்துகிறார்.

வகுப்பு நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்து தொடங்கும். பிறகு பிடிமானத்தோடு நிற்பார்கள், முடிந்தவர்கள் அறையின் குறுக்கே ஆடிப்போவார்கள், கடைசியில் கைகோத்து மறுபடி வட்டம். பாட்டு பெரும்பாலும் ரெக்கார்டில் இல்லை, எதிரே ஒருவர் பியானோ வாசிக்கிறார். கூட வந்த மனைவியோ மகனோ ஓரமாக உட்கார வேண்டியதில்லை, அவர்களும் ஆடுகிறார்கள். யார் நோயாளி, யார் துணை என்று சில நிமிடம் தெரியாமல் போகும். என் கிளினிக்கில் அதை என்னால் தரவே முடியாது. அங்கே படுக்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடனக்காரரின் மேடை ஆயுள் குறைவு. லெவென்தால் மேடையை விட்ட பிறகு இந்தத் திட்டத்தையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். நன்கொடையும் மானியமும் திரட்டுகிற ஓர் அமைப்பு பின்னால் இருந்ததால்தான் அது முடிந்தது. இங்கே டான்ஸ் டீச்சரைக் கூப்பிட்டால் முதல் வார்த்தையே "சேவைதானேம்மா, புண்ணியமாப் போகும்" என்பதுதான். வருகிறவருக்கு இலவசம் என்பது சரி. சொல்லிக்கொடுக்கிறவருக்கும் இலவசம் என்றால் ஆறாவது மாதம் வகுப்பு நின்றுபோகும். நின்று பார்த்திருக்கிறேன்.

பலன் உண்டா? டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தார் வாரந்தோறும் ஆடிய 16 பேரையும் ஆடாத 16 பேரையும் மூன்று ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். ஆடியவர்களின் சமநிலை, நடுக்கம், இறுக்கம் அவ்வளவாக மோசமாகவில்லை. சின்ன ஆய்வு. ஆட வருகிறவர் முன்பே சுறுசுறுப்பானவராக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் ஒதுக்க முடியாது. ஆகவே ஆட்டத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியது நேரத்தைத்தான். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். வகுப்பு அந்த நேரத்தில் விழ வேண்டும். முட்டை, பால், பருப்போடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு மருந்து சரியாக ஏறுவதில்லை. நாற்காலிக்குச் சக்கரம் கூடாது. சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்; உட்கார்ந்தபடியே காலை நாலு முறை ஆட்டிவிட்டு எழட்டும். நின்ற இடத்தில் திரும்பாமல் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் ஆடவே கூடாது.

எங்கள் தெருவில் ஒரு நாட்டியப் பள்ளி இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் செருப்பு வைக்க இடமிருக்காது, காலை பதினொரு மணிக்குப் பூட்டிக் கிடக்கும். அங்கே வாரம் ஒரு நாள் டீச்சருக்குச் சம்பளம் பேசி, ஆறு பேரை வைத்து ஆரம்பித்தோம். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியெல்லாம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தைத் தட்டும் தட்டடவு, கையில் விரிந்த தாமரை போன்ற அலபத்ம முத்திரை. டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழி மணையில் விழுந்து 'தெய்யா தெய்' என்று வந்ததும் கண்டக்டரின் குதிகால் தானாக எழும்பியது.

ஒருநாள் ஹாலின் நடுவே மறுபடி உறைந்துவிட்டார். நான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் போய், "சார், பஸ்ஸை எப்படிக் கிளப்புவீங்க?" என்று கேட்டார். அவர் ஒரு நொடி முழித்தார். பிறகு முழுக் குரலில், "போலாம்... ரைட்!" என்றார். வலது கால் முன்னால் வந்துவிட்டது.

இப்போது வீட்டு நிலைப்படியில் டேப் இல்லை. காலையில் அந்தக் குரல் பக்கத்து வீடு வரை கேட்கிறதாம்.