பூச்சை உரித்த பிறகு நிறத்தைப் பேசுங்கள்: ஸ்போர்ட்ஸ் கார் அலாய் வீல் புதுப்பிப்பவர்களுக்கு

அலாய் வீலைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். கருப்பா, கன்மெட்டல் சாம்பலா, முகப்பை லேத்தில் சீவி மினுக்கும் டைமண்ட் கட்டா என்பது வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. பட்டறைக்காரரும் அந்த நிறத்துக்கு ஒரு விலை சொல்லி நான்கு வீலையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். இந்த வரிசையே தலைகீழ். பழைய பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அப்போது யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். எந்தப் பூச்சு தாக்குப்பிடிக்கும், எது ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது என்பது அந்த உலோகத்தின் கையில் இருக்கிறது. உரிப்பதற்கும் சோதிப்பதற்கும் தனியாகக் காசு கொடுங்கள். வெற்று வீலை நேரில் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு நிறம் பேசலாம்.

உரிக்கும்போதே பாதி முடிவாகிவிடும்

டயர், வால்வு, ஒட்டு எடைகள் எல்லாம் கழன்ற பிறகுதான் உரிக்க வேண்டும். டயரைக் கழற்றாமல் ஓரத்தில் டேப் ஒட்டி ஸ்பிரே அடிப்பது புதுப்பிப்பில் சேராது. அரிப்பு தொடங்கும் இடமே டயர் மறைக்கும் ரிம் ஓரம்தான். காற்றழுத்த சென்சாரைக் கழற்ற மறந்தால், உள்ளே இருக்கும் பேட்டரியோடு அது ஓவனில் வெந்துவிடும்.

ரசாயனத் தொட்டியில் ஊறவைத்து உரிப்பது நல்லது. குருணையை வேகமாக வீசியடித்து உரிக்கும் பிளாஸ்டிங் செய்வதாக இருந்தால் என்ன குருணை என்று கேளுங்கள். அலுமினியம் ஆக்சைடு அல்லது கண்ணாடி மணி என்றால் சரி. கேட், கிரில், இரும்புக் கட்டில் எல்லாம் பவுடர் கோட்டிங் (நிறத் தூளைத் தெளித்து ஓவனில் உருக்கிப் பூசுவது) செய்யும் கடைகளில் இரும்புக் குருணை ஓடிய அதே அறையில் வீலையும் ஏற்றிவிடுகிறார்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம். இரும்புத் துகள் அதில் குத்தி நின்றுவிடும். பூச்சைத் தாண்டி ஈரம் இறங்கும் அன்றைக்கு அந்தத் துகள் துருப்பிடிக்கும், அதைச் சுற்றியிருக்கும் அலுமினியமும் கரையும். பூச்சின்மேல் கடுகு அளவுக் கொப்புளங்கள் கிளம்பினால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெற்று வீலில் விரிசல் பார்க்கும் முறை எளிது, செலவும் குறைவு. சிவப்புச் சாயத்தைத் தெளித்து 10 முதல் 20 நிமிடம் விட வேண்டும். சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு மயிரிழை ஒன்று மெல்ல ஊறி எழும். ஸ்போக்குகளின் அடியையும், முக்கியமாக வீலின் உள்பக்க ஓரத்தையும் பாருங்கள். தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட டயரோடு பள்ளத்தில் விழும் ஸ்போர்ட்ஸ் கார் வீல் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் கீறும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் 200 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குப் பவுடர் ஏற்றினால் விரிசலைப் பூசி மறைத்ததாகத்தான் அர்த்தம்.

விரிசல் இருந்தால் அந்த வீலை ஓய்வுபெற விடுங்கள். பல கார் நிறுவனங்கள் வெல்டிங் செய்த வீலை ஏற்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வார்ப்பு வீல்கள் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் கலந்த அலுமினியம். 540 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, பிறகு 150 முதல் 170 டிகிரியில் சில மணி நேரம் பதப்படுத்தித்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கலைந்துவிடும். பற்றவைத்த கோடு உறுதியாக நிற்கும், அதன் பக்கத்து உலோகம் இளகியிருக்கும்.

பழைய பந்தயக் கார் வீல் என்றால் முதலில் அது அலுமினியம்தானா என்று உறுதிசெய்யுங்கள். மெக்னீசியம் வீல்களும் உண்டு. கையில் எடுத்தாலே எடை குறைவது தெரியும். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா ஆகாது, மெக்னீசியத்துக்கு அமிலம் ஆகாது. மெக்னீசியத் தூள் தீப்பற்றக்கூடியது. அந்த வீலைச் சாதாரண பிளாஸ்டிங் கடையில் கொடுக்கவே கூடாது.

பவுடர் கோட்டிங்: கேட்க வேண்டியது ஓவனைப் பற்றி

தினமும் ஓடும் காருக்கு, உலோகம் நன்றாக இருந்தால், நாங்கள் முதலில் சொல்வது பவுடர் கோட்டிங்தான். எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் பாலியெஸ்டர் நிறம், மேலே கிளியர் என்னும் நிறமற்ற பூச்சு என மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் 60 முதல் 80 மைக்ரான். கல்லடியை இது தாங்குவது போல ஸ்பிரே பெயிண்ட் தாங்காது.

ஆனால் பவுடர் உருகி இறுக வீலின் உலோகம் 180 முதல் 200 டிகிரிக்குப் போய் 10 முதல் 20 நிமிடம் நிற்க வேண்டும். மேலே சொன்ன பதப்படுத்தும் சூட்டைவிட இது அதிகம். குறைந்த நேரம் என்பதால் பெரிய பாதிப்பு இல்லை. அதே வீலை 220, 230 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டால் வலு இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு முறை ஓவனுக்குள் போவதும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பிடிக்கவில்லை என்று இரண்டு முறை நிறம் மாற்றினால் பூச்சின் சூடு மட்டுமே ஆறு தடவைக்கு மேல். ஓவன் கதவில் தெரியும் எண் காற்றின் சூடு. வீலின் சூடு வேறு. வீலிலேயே தெர்மோகப்பிள் என்னும் சூடு அளக்கும் கம்பியை வைத்து அளக்கிறார்களா என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாத கடையில் கேட் அடித்துக்கொள்ளலாம், வீல் வேண்டாம்.

இதே ஓவனில் இன்னும் இரண்டு கோளாறுகள் வரும். வார்ப்பு வீலின் நுண்துளைகளில் காற்றும் பழைய எண்ணெயும் ஒளிந்திருக்கும். பவுடர் உருகும் நேரத்தில் அவை வெளியேறினால் பூச்சில் ஊசிமுனைத் துளைகள் விழும். அதைத் தவிர்க்க, பூசும் முன் வெற்று வீலையே ஒருமுறை சுட்டு வாயுவை வெளியேற்ற வேண்டும், அதையும் அளந்த சூட்டில். அடுத்தது பிரைமரைப் பற்றியது. அதை முழுதாக வேகவிட்டால் மேல் அடுக்கு அதோடு பிணையாது. பிரைமரை அரைப்பதமாக நிறுத்தி, நிறத்தோடு சேர்த்துத்தான் இறுக விட வேண்டும். பூச்சு வாழைப்பட்டை போல அடுக்காக உரிந்து வந்தால் இந்தப் பதம் தப்பியதா என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கீறலை நிரப்பச் சாதாரண கார் பட்டி போட்டிருந்தால் 200 டிகிரியில் அது வெடிக்கும் அல்லது சுருங்கும். ஓரத்தில் ஆழமான உரசல் இருந்தால் உலோகத்தையே இழைத்துச் சீராக்குவதுதான் சரி. வெற்று வீலைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டி இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கு மட்டும்தான் கண்ணில் படும்.

நிறம் முடிவானதும் பவுடர் தயாரிப்பாளர் பெயர், குறியீடு, பேட்ச் எண் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நிறங்களுக்கு எண் தரும் ஆர்ஏஎல் அட்டவணைப்படி ஆர்ஏஎல் 9006 வெள்ளி என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. உலோக மினுக்குள்ள வெள்ளி, பவுடர் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடிக்கும் தூரத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்பக்கூட மாறித் தெரியும். பிறகு ஒரே ஒரு வீல் அடிபட்டால் மற்ற மூன்றோடு நிறம் சேர்ப்பது, இந்த விவரங்கள் பில்லில் இருந்தால்தான் ஓரளவாவது நடக்கும். கம்பெனி நிறம் அச்சு அசலாக வேண்டும், அல்லது ஒரு வீல் மட்டும் சேதம் என்றால், ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்யும் 2கே பெயிண்ட் நல்லது. நிறத்தைக் கலந்து சேர்க்கலாம், 60 டிகிரி சூடே போதும், உலோகத்தைத் தொந்தரவு செய்யாது. கல்லடி மட்டும் சீக்கிரம் தெரியும்.

மேட் கருப்பு எடுப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதைப் பாலிஷ் போட்டுக் கீறலை எடுக்க முடியாது. போட்ட இடம் மட்டும் மினுங்கும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு, பிரேக்கிலிருந்து சூடாகப் பறந்து ஒட்டும் துகளை மறைப்பதும் கழுவ எளிதானதும் பளபளப்புக் குறையாத நடுத்தரச் சாம்பல்தான்.

டைமண்ட் கட்: அழகுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

இன்று பல ஸ்போர்ட்ஸ் கார்களின் வீல்கள் இப்படித்தான் வருகின்றன: உள்ளே கருப்பு அல்லது சாம்பல், முகப்பு மட்டும் லேத்தில் சீவிய வெள்ளி. சாய்த்துப் பார்த்தால் கிராமபோன் தட்டு போல வட்ட வட்டமாக நுண்கோடுகள் தெரியும். கணினி இயக்கும் சிஎன்சி லேத் வீலின் வளைவை முனையால் தடவி அளந்து, அதே வளைவில் மெல்லிய தோலாகச் சீவி எடுக்கிறது.

அந்தச் சீவிய முகத்துக்கும் வெளி உலகுக்கும் நடுவில் இருப்பது கிளியர் மட்டுமே. பிரைமர் இல்லை, நிறம் இல்லை. சீவிய முகமும் கருப்புப் பள்ளமும் சந்திக்கும் இடம் கத்திமுனைபோல் கூராக இருக்கும். இறுகும்போது கிளியர் கூர்முனையிலிருந்து விலகி இரு பக்கமும் இழுபடும். மிக மெல்லிய பாதுகாப்பு அதிகம் அடிபடும் இடத்தில்தான் அமைகிறது. ஒரு சிறு கல் போதும். ஈரமும் உப்பும் அந்த இடம் வழியாக நுழைந்து, கிளியருக்கு அடியில் வெள்ளை நூல் நூலாக ஊர்ந்து பரவும். மேலே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது, காரணம் அழுக்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன் போன்ற நாடுகளிலும், நம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் இந்த நூல்கள் வேகமாகவே ஓடும்.

மறுபடி சீவினால் போகும்தானே? போகும். ஒவ்வொரு சீவலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ உலோகத்தைத் தின்னும். ஓரத்தில் உரசல் ஆழமாக இருந்தால் அது மறையும்வரை முழு முகத்தையும் இறக்க வேண்டியிருக்கும். இரண்டு அல்லது மூன்று முறை என்பதே பொதுவான எல்லை. அதற்கு மேல் சீவ ஒத்துக்கொள்ளும் கடையைக் கண்டால் வீலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். வாங்கிய பழைய காரில் ஏற்கெனவே எத்தனை முறை சீவியிருக்கிறார்கள் என்று தெரியாது என்பதால், ஸ்போக் ஓரங்களின் தடிமனைத் தொடாத இன்னொரு வீலோடு காலிப்பரில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கோணலான வீலைச் சீவினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அறுபடும். முதலில் டயல் கேஜில் ஆட்டம் பார்த்துச் சரிசெய்யாமல் லேத்தில் ஏற்றக் கூடாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு டைமண்ட் கட்டே வேண்டுமென்றால், சீவிய பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். சீவிய முகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் வியர்வையின் உப்பு கிளியருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் சில மாதத்தில் அந்தக் கட்டைவிரல் ரேகையே வெள்ளையாகத் தெரியும். சீவிய சில மணி நேரத்துக்குள், கன்வர்ஷன் கோட்டிங் என்னும் ரசாயனப் பிடிமானம் கொடுத்து, கிளியர் ஏறிவிட வேண்டும். இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் அடிப்பது பிரச்சினையை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான்.

எங்கள் பரிந்துரை வெளிப்படையானது. தினமும் ஓடும் காரில் டைமண்ட் கட்டில் ஒருமுறை அந்த வெள்ளை நூல்கள் பூத்துவிட்டால், அடுத்த முறை அதைச் சீவ வேண்டாம். முழு வீலையும் வெள்ளி நிறப் பவுடருக்கு மாற்றிவிடுங்கள். மறுவிற்பனையில் அசல் தோற்றம் முக்கியமான காருக்கு மட்டும் சீவலாம்.

அனோடைஸும் குரோமும்

1966-இல் போர்ஷே 911 எஸ் காரோடு வந்த ஐந்து இதழ் ஃபூக்ஸ் வீல்களைப் புதுப்பிப்பவர்கள் எல்லாவற்றையும் பவுடருக்கு அனுப்பிவிடக் கூடாது. அவை வார்ப்பு அல்ல, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு அலுமினியம். அவற்றின் மினுமினுப்பு அனோடைஸ் செய்ததால், அதாவது மின்சாரத்தால் அலுமினியத்தின்மேல் கெட்டியான ஆக்சைடு தோலை வளர்த்ததால் வந்தது. தடித்த பவுடர் ஏறினால் இதழ்களின் விளிம்பு மழுங்கி, அந்த வீலின் முகமே மாறிப்போகும். பழைய அனோடைஸை ரசாயனத்தில் எடுத்து, பாலிஷ் செய்து, மறுபடி அனோடைஸ் செய்வதே முறை. இதைப் பார்த்துவிட்டுத் தன் வார்ப்பு வீலுக்கும் அனோடைஸ் கேட்பவர்கள் உண்டு. 7 சதவீதம் சிலிக்கான் உள்ள வார்ப்பு அதற்கு ஒத்துழைக்காது. சிலிக்கான் அனோடைஸ் ஆகாமல் நின்று, முகம் முழுக்கக் கரிப்படிந்த சாம்பலாகிவிடும்.

குரோம் பிளேட்டிங் வேண்டாம். எங்காவது ஒரு துளை விழுந்தால் அடியில் உள்ள அலுமினியம்தான் முதலில் கரையும். உரிந்த குரோமின் ஓரம் பிளேடு போலக் கையைக் கிழிக்கும்.

பூச்சு ஏறக் கூடாத இடங்கள்

வீல் ஹப்போடு (காரில் வீல் மாட்டும் அச்சு முனை) உட்காரும் பின்முகம், நடுத்துளை, போல்ட் உட்காரும் குழிகள், இந்த மூன்றும் வெற்று உலோகமாக இருக்க வேண்டும். போர்ஷேயின் நடுத்துளை 71.6 மில்லிமீட்டர். சுற்றிலும் 100 மைக்ரான் பவுடர் ஏறினால் விட்டம் 0.2 மில்லிமீட்டர் குறைகிறது. வீல் ஹப்பில் ஏறாது, அல்லது சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். போல்ட் குழியில் பூச்சு இருந்தால் அது இன்னும் ஆபத்து. போல்ட்டை முறுக்கும்போது அது மிகச் சிறிய அளவே நீள்கிறது, அந்த நீட்சிதான் வீலைப் பிடித்துவைக்கும் இழுவிசை. நடுவில் சிக்கிய பவுடர் ஓடும்போது நசுங்கி மெலிந்தால் அந்த நீட்சி காணாமல்போகும், போல்ட் தளரும். வீலை வாங்கும்போது இந்தக் குழிகளை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

டயர் மாட்டும்போது புது வால்வு போடுங்கள். எடைகள் உள்பக்கம் ஒட்டும் வகையாக இருக்கட்டும். ஓரத்தில் அடித்து மாட்டும் கிளிப் எடை புதுப் பூச்சை முதல் நாளே கீறிவிடும். போல்ட்டை ஏர் கன்னால் இறுக்கி முடிக்காமல் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பழைய 911 அலாய் வீல்களுக்கு அது 130 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது, அதே அளவில் இன்னொரு முறை சரிபாருங்கள்.

2கே பெயிண்ட் அடித்த வீலுக்கு முதல் ஒரு வாரம் ஷாம்பூவும் பிரஷர் வாஷரும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பிறகு பிரேக் துகளுக்கு, பட்டதும் ஊதா நிறமாக வடியும் அமிலமற்ற அயர்ன் ரிமூவரையே வாங்குங்கள். அதையும் ஆறிய வீலில் மட்டும் தெளித்து, காய விடாமல் கழுவுங்கள். கார் வாஷ் கடையில் பெயர் ஒட்டாத கேனிலிருந்து எதையாவது தெளிக்க வந்தால் வீலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் அமிலம் இருந்தால், டைமண்ட் கட் கிளியரில் ஒரு கல்லடி இருந்தாலே போதும், அந்த வழியாக அது உள்ளே இறங்கிவிடும்.