பானவில்லின் இரட்டைக் கார்புரேட்டர்: ஜெட்டைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

1960-களின் கடைசியில் பிரிட்டனின் மெரிடன் ஆலையிலிருந்து வந்த ட்ரையம்ஃப் பானவில் டி120 மோட்டார்சைக்கிள் ஒன்றை மீட்டெடுப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் கார்புரேட்டர்தான். பெயின்ட் முடிந்திருக்கும், குரோம் பளபளக்கும், இன்ஜினுக்குள் புது பிஸ்டனும் வால்வும் ஏறியிருக்கும். கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் ஐடிலிங் நிற்காது, சிக்னலில் அணைந்துபோகும், ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் தும்மும். உடனே பலர் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகை, மாற்றுவார்கள். இந்த மூன்று கோளாறுகளுக்கும் மெயின் ஜெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வண்டியில் இருப்பது அமல் கான்சென்ட்ரிக். அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் 1927-இல் ஒன்றிணைந்து உருவானது அமல். 1955-இல் வந்த அதன் மோனோபிளாக்கில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் அறை பக்கவாட்டில் இருந்தது. வண்டி வளைவில் சாயும்போது ஜெட்டில் பெட்ரோல் மட்டம் ஏறி இறங்கும். 1967-இல் வந்த கான்சென்ட்ரிக்கில் அந்த அறை ஜெட்டைச் சுற்றி நேர்கீழே வந்துவிட்டது. சாய்ந்தாலும் நடுவில் மட்டம் அதிகம் மாறாது. 1968 மாடல் பானவில்லில் இடதும் வலதுமாக இரண்டு 930 கார்புரேட்டர்கள். 900 வரிசை, 30 மி.மீ. துளை என்று அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று கார்புரேட்டர் வழியாக உள்ளே பாய்கிறது. குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். கீழே ஃப்ளோட் அறையில் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் பெட்ரோலின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாடுதான் பெட்ரோலை மேலே தள்ளுகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். ஆனால் காற்றின் வேகம் ஐடிலிங்கில் ஒருவிதம், நூறு கிலோமீட்டர் வேகத்தில் வேறுவிதம். ஒரே ஒரு ஓட்டையால் எல்லா நிலையிலும் சரியான கலவை தர முடியாது. அதனால் அமல் அந்த வேலையை நான்கு பாகங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

ஆக்சிலரேட்டரைத் திருகும்போது மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும் உருளைதான் ஸ்லைடு. அது மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை கலவையைத் தீர்மானிப்பது பைலட் வழி, அதாவது ஐடிலிங்குக்கான நுண்பாதை. அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் அடியில், காற்று நுழையும் பக்கம் சரிவாக வெட்டியிருக்கும் கட்அவே. கால் பங்கிலிருந்து முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். ஒன்றின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். ஆனால் கோளாறு எந்தத் திறப்பில் வருகிறது என்பதே எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். ஆக்சிலரேட்டர் பிடியிலும் அதன் பக்கத்து உறையிலும் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். எந்த ஆர்.பி.எம்.மில் தும்முகிறது என்பதைவிட எந்தத் திறப்பில் தும்முகிறது என்பதே முக்கியம்.

கார்புரேட்டரைக் கழற்றுமுன் இக்னிஷனைச் சரிபார்ப்பது கட்டாயம். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இரண்டு சிலிண்டருக்கும் முழு அட்வான்ஸில் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடுமுன் தீப்பொறி விழும் கோணம், 38 டிகிரி. ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்கூட்டும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடிலிங் மேலும் கீழும் அலையும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து, பைலட்டின் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தால் எந்த நாளும் தீராது.

அடுத்து ஸ்லைடு. பழைய அமலில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு இங்கேதான் இருக்கிறது. கான்சென்ட்ரிக்கின் உடலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, அதற்குள் ஏறி இறங்கும் ஸ்லைடும் அதே கலவை. ஒரே உலோகம் தன்மேல் தானே உரசினால் வேகமாகத் தேயும். போதாததற்கு 360 டிகிரி கிராங்க் கொண்ட இந்த இரட்டை சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே மேலேறிச் சேர்ந்தே இறங்குகின்றன. அந்த அதிர்வு முழுவதும் கார்புரேட்டருக்கு வருகிறது. ஸ்லைடு தன் துளைக்குள் ஓயாமல் ஆடுகிறது. பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் ஸ்லைடைக் கழற்றினால் இன்ஜின் பக்க முகத்தில் நெடுக்கான பளபளப்புத் தடம் தெரியும். உடலின் துளையும் அங்கே நீள்வட்டமாகியிருக்கும்.

தேய்ந்த இடைவெளி வழியே ஸ்லைடைச் சுற்றிக் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் போகிறது. ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது மொத்தக் காற்றே குறைவு என்பதால் இந்தக் கசிவின் விகிதம் அப்போதுதான் பெரிது. கலவை மெலிகிறது, ஐடிலிங் ஏறி நின்றுவிடுகிறது அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது. பைலட் வழி சரியாகவே இருக்கும். பழி அதன்மேல் விழும். சோதிப்பது எளிது: இன்ஜின் அணைந்திருக்கும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஸ்லைடை விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தெளிவாக ‘கடக் கடக்’ என்று கேட்டால் தேய்ந்துவிட்டது.

புது ஸ்லைடு மட்டும் போட்டால் ஓரளவு குணமாகும், ஏனென்றால் தேய்மானத்தில் ஒரு பங்கு ஸ்லைடில்தான். கடின அனோடைஸ் செய்த அலுமினிய ஸ்லைடோ குரோம் பூசிய பித்தளை ஸ்லைடோ வாங்குவது நல்லது. வேறு உலோகம் என்பதால் உராய்வு குறையும். துளையும் நீள்வட்டமாகிவிட்டால் உடலை வட்டமாகக் கடைந்து, ஸ்லைடுக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் உறை போட வேண்டும். நல்ல லேத் கைவசம் இல்லாதவருக்குப் புதிய உடலே மலிவு. சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் அமல் கார்புரேட்டர்களை இன்றும் தயாரிக்கிறது. அதன் பிரீமியர் வகையில் அனோடைஸ் ஸ்லைடும், கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய பைலட் ஜெட்டும் உண்டு. அசல் பாகம்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை இந்த ஓர் இடத்தில் விட்டுவிடலாம்.

ஸ்லைடின் இன்னொரு கோளாறு சிக்கிக்கொள்வது. அதற்குக் காரணம் ஃபிளாஞ்ச், அதாவது கார்புரேட்டரை ஹெட்டில் பொருத்தும் காதுகளுள்ள விளிம்பு, வளைவது. சிலிண்டர் ஹெட் பக்கம் பார்க்கும் முகத்தில் ஒரு பள்ளமும் அதில் ஒரு ஓ-ரிங்கும் இருக்கின்றன. காற்றை அடைப்பது ஓ-ரிங்கின் வேலை, நட்டின் வேலையல்ல. ஸ்பேனரில் பலம் காட்டி இறுக்கினால் இரண்டு காதும் வளைந்து, வட்டமான துளை நசுங்கி, ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். திறந்த ஆக்சிலரேட்டர் மூடாமல் நிற்பது விபத்தில்தான் முடியும். எஃகு ஸ்கேலை முகத்தின் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கீற்று தெரிந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் வாட்டர் பேப்பர் விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். ஓ-ரிங் பள்ளத்தின் ஆழம் குறையும் அளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. பிறகு தானே தளராத நைலாக் நட்டு, ஓ-ரிங் அமுங்கும்வரை மட்டும் இறுக்கம். சில மாடல்களில் இரண்டு இன்லெட்டையும் இணைக்கும் ரப்பர் குழாய் உண்டு; அது வெடித்திருந்தாலும் இதே மெலிந்த கலவைதான் கிடைக்கும்.

இனி பைலட். தொடக்கக் கால கான்சென்ட்ரிக்கில் பைலட் ஜெட் அடியில் திருகிக் கழற்றும்படி இருந்தது. பின்னால் வந்த நான்கு-ஸ்ட்ரோக் உடல்களில் அதற்குப் பதிலாக, ஏர் ஸ்க்ரூ துளையின் நேர்கோட்டில் ஆழத்தில், ஒரு சிறு புஷ்ஷை அழுத்திப் பொருத்திவிட்டார்கள். அதன் துளை சுமார் 0.016 அங்குலம், 0.4 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வண்டி சில மாதம் நின்றால் பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுச் செல்லும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வெள்ளைத் தூளாக அரிப்பையும் சேர்க்கும். காற்றடித்தால் மட்டும் அது போகாது. 0.016 அங்குலக் கிட்டார் கம்பி ஒன்றை, அல்லது மெல்லிய குழாயின் முனையில் ஒட்டிய 78-ஆம் எண் டிரில் பிட்டை, ஏர் ஸ்க்ரூ துளை வழியாக நேராகச் செலுத்திக் கையால் சுற்ற வேண்டும். மோட்டார் டிரில் அருகிலேயே வரக் கூடாது, துளை பெரிதானால் உடலே வீண். அதன்பின் கிளீனர் ஸ்ப்ரேயை அதே துளையில் பீய்ச்சினால், ஸ்லைடின் அடியருகே உள்ள இரண்டு நுண்துளைகளிலிருந்தும் நேராகப் பீறிட வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். ஒரு துளையில் மட்டும் வந்தால் வேலை முடியவில்லை.

ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டம் மேல் விளிம்பிலிருந்து சுமார் 5 மி.மீ. கீழே நிற்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் எல்லாத் திறப்பிலும் கலவை மெலியும், உயர்ந்தால் டிக்ளர், அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் ஃப்ளோட்டை அமுக்கும் பொத்தான், வழியே வழியும். பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசிவால்வு உட்காரும் பித்தளை இருக்கையை இலேசாக நகர்த்தி மட்டத்தைச் சரிசெய்யலாம். அதற்குமுன் ஃப்ளோட் அறையின் கிண்ணத்தைக் கொதிநீரில் சூடாக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் தட்டினால் வார்ப்பில் விரிசல் விழும்.

நீடில் ஜெட்டின் எண் 106. அதுவே துளையின் அளவும்: 0.106 அங்குலம், 2.69 மி.மீ. ஊசி அதிர்ந்து அதிர்ந்து இந்தத் துளையை அகலமாக்கும். ஊசி அவ்வளவாகத் தேயாது. நடுத்திறப்பில் கறுப்புப் புகையும் மைலேஜ் சரிவும் இருந்தால் புது ஜெட் போடுங்கள், விலை அற்பம். ஸ்லைடின் எண் 3 என்றால் கட்அவே 3/16 அங்குலம். எண் கூடினால் கலவை மெலியும். மெயின் ஜெட்டில் பொறித்திருப்பது நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பாயும் என்ற அளவு. பானவில்லுக்கு ஆண்டைப் பொறுத்து 180 முதல் 220 வரை வரும். உங்கள் ஆண்டின் மேனுவலில் உள்ளதிலிருந்து தொடங்க வேண்டும். சென்னைப் புல்லட்டின் மிக்கார்ப் கார்புரேட்டரில் பழகியவர்களுக்கு ஸ்லைடு, ஊசி, பைலட் எல்லாம் தெரிந்த வீடுதான். ஆனால் அந்த ஜெட் எண்களை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

எல்லாம் சுத்தமான பிறகு இரண்டு கார்புரேட்டரையும் ஒத்திசைப்பது. ஸ்லைடு எவ்வளவு இறங்கும் என்று தடுக்கும் ஸ்டாப் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டின் தண்டுகளை ஸ்லைடுகளின் அடியில் செருகி, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகுங்கள். இரண்டு பிட்டும் ஒரே நொடியில் விழவேண்டும். இல்லையென்றால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருத்துங்கள். பிறகு ஏர் ஸ்க்ரூ இரண்டையும் முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறங்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஒரு பிளக்கைக் கழற்றி அதை ஹெட்டில் தொடவைத்து எர்த் கொடுத்துவிட்டு, மற்ற சிலிண்டரை மட்டும் தனியே ஓடவிடுங்கள். காற்சுற்றாகத் திருகி, மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் ஏர் ஸ்க்ரூவை நிறுத்துங்கள். உள்ளே திருகினால் கலவை செறிவாகும், வெளியே திருகினால் மெலியும். ஸ்டாப் ஸ்க்ரூவை அணையாத அளவுக்குக் குறைத்துவிட்டு, அடுத்த சிலிண்டருக்கும் இதையே செய்யுங்கள். இரண்டையும் சேர்த்ததும் ஐடிலிங் அதிகமாக இருக்கும். இரண்டு ஸ்டாப் ஸ்க்ரூவையும் சம அளவு இறக்கினால் போதும். அரைச் சுற்றுக்குள் மூடினால்தான் ஓடுகிறது என்றால் பைலட் இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்றுக் கசிகிறது.

ஜெட் எண்ணை மாற்ற நியாயமான காரணங்களும் உண்டு. நார்ட்டன் பைக்கின் ஃபெதர்பெட் சட்டகத்தில் ட்ரையம்ஃப் இன்ஜினை ஏற்றி ட்ரைட்டன் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த பெல்மவுத்தோ (ஃபில்டரில்லாத புனல்வாய்) கூம்பு ஃபில்டரோ போடுவார்கள், சைலன்சரும் மாறும். காற்றுத் தடை குறைவதால் மெயின் ஜெட் ஒன்றிரண்டு படி கூட வேண்டும். கூம்பு ஃபில்டரின் ரப்பர் விளிம்பு, கார்புரேட்டர் வாயில் உள்ள இரண்டு சிறு காற்றுத் துளைகளை மூடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அவை பைலட்டுக்கும் நீடில் ஜெட்டுக்கும் காற்று தருபவை. மூடினால் எந்த ஜெட்டும் கணக்குக்கு வராது.

பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் 10 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலப்புப் பெட்ரோலுக்குத் தேவையான காற்று சுமார் 14.1 பங்குதான், பழைய ஜெட்டில் கலவை நான்கு சதவீதம் மெலியும். 190-இலிருந்து 200-க்குப் போனால் ஐந்து சதவீதம், ஏறத்தாழச் சரியாகிவிடும். நடுத்திறப்புக்கு ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்க, ஊசி மேலேறிக் கலவை செறியும். ஃபைபர்கிளாஸ் டேங்க் உள்ள வண்டியில் மட்டும் இந்தப் பெட்ரோலை ஊற்றவே கூடாது. எத்தனால் அதன் பிசினைக் கரைத்து ஊசிவால்விலும் இன்லெட் வால்விலும் ஒட்டவைக்கும். எந்த டேங்க்காக இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பெட்ரோல் குழாயின் டேப்பை மூடி, இரண்டு கிண்ணத்தையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள். 0.4 மி.மீ. துளையை மறுபடி தேடும் வேலை மிச்சம்.