கிராஃபிட்டி என்றால் கீறல்

பழைய கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். யாழ்ப்பாணத்து நல்லூர் மந்திரிமனை மாதிரியான பழைய இடங்களில் சுவரில் பெயர் எழுதும் பெடியளிடம் பேச்சுக் கொடுத்தால், "இது சும்மா கிராஃபிட்டி அண்ணை, வெள்ளை அடிச்சா மறைஞ்சிடும்" என்பார்கள். மறையாது. ஏன் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இத்தாலிய மொழியில் 'கிராஃபியாரே' என்றால் கீறுதல். ஒரு கீறல் 'கிராஃபீத்தோ', பல என்றால் 'கிராஃபீத்தி'. இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தின் 'கிராஃபெயின்': எழுதுதல் என்ற அந்தச் சொல்லுக்கும் முதற்பொருள் கீறுதல்தான். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கஷ்டமே இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதியவர்களின் பிள்ளைகள் நாங்கள், இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் படம் வரைவதைப் 'படம் கீறுறது' என்றுதான் சொல்கிறோம்.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரத்தின் சுவர்ப் பூச்சில் காதல், வசவு, கணக்கு என்று ஆயிரக்கணக்கான கீறல்கள் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் அவற்றுக்குத்தான் இந்தச் சொல்லை வழங்கினார்கள். ஸ்பிரே பெயின்ட் எழுத்துகளுக்கு அது வந்து சேர்ந்தது வெகு பிற்பாடு.

சரி, "பழசு என்றால் பொக்கிஷம், நாங்கள் கீறினால் மட்டும் குற்றமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சிகிரியாக் குன்றில் 'கண்ணாடிச் சுவர்' எனப்படும் மெருகேற்றிய பூச்சுச் சுவரில் ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்துபோனவர்கள் கீறிய பாடல்களில் 685ஐத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அத்தனையும் நிற்பது ஒரு மெல்லிய பூச்சின் மேல். அதில் புதிதாக ஆணி பட்டால் பழைய வரி பூச்சோடு உதிர்ந்துவிடும், அதை எந்த மேசனாலும் திருப்பித் தர முடியாது. 2015இல் அங்கே தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள், பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் விடுதலையானார். அந்தச் செய்தி எனக்கு இரண்டு பக்கமும் வலித்தது. கீறினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர்களில் இன்னொரு சிக்கல். கீறிய இடத்தால் மழைநீர் இறங்கும், உள்ளே இருக்கிற உப்புக் கரையும், காயும்போது அது பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். விரல் நீளக் கீறல் சில மழைக்காலங்களில் கையகலக் குழியாகிவிடும். அதை மூடுகிறோம் என்று சீமெந்து பூசினால் இன்னும் மோசம், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும்.

ஆகவே கீறலைக் கண்டால் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டாம், பெயின்டும் அடிக்க வேண்டாம். படம் எடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சொந்த வீட்டுப் பழைய சுவர் என்றால், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவரை மாரிக்கு முன் கூப்பிட்டுக் காட்டுங்கள்.