பத்து ரூபாய் ஏன் கணக்கில் விழுவதில்லை?

வாடகை எவ்வளவு, மளிகை எவ்வளவு, குழுக் கடன் தவணை எந்தக் கிழமை என்று எல்லாவற்றையும் விரல்நுனியில் வைத்திருப்பவரிடம், போன வாரம் டீ, போண்டா, பப்ஸ், ரோஸ்மில்க் என்று எவ்வளவு போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் கம்பெனிக்குப் போய்வரும் ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 45 ரூபாய் இப்படிக் கரைந்தால் 26 வேலை நாளில் 1,170 ரூபாய். சம்பளத்தில் ஏழு சதவீதத்துக்கும் மேல். மனக்கட்டுப்பாடு இல்லை என்று இதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வதில் பயனில்லை. சிறு தொகையை மூளை கையாளும் முறை தெரிந்தால், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது தெரியும்.

ஆசை, தின்பண்டம் வாய்க்கு வருவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுகிறது. 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர், குரங்குகளுக்குச் சில துளி பழச்சாறு கொடுத்து அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். ஆரம்பத்தில் சாறு கிடைத்த நொடியில் அந்தச் செல்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கின. மாலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு எண்ணெய்ச் சட்டியின் வாசனைதான் அந்த விளக்கு. பசி இல்லாவிட்டாலும் கால் கடைப் பக்கம் திரும்பும். திரும்பாமல் போனால் எதையோ இழந்ததுபோல் இருக்கும். பழக்கத்தை விட முயலும் முதல் சில நாட்கள் கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஆசைக்கு எதிராக மூளையில் ஒரு பிரேக்கும் உண்டு. 2007-இல் ப்ரையன் நட்ஸன் குழுவினர், பொருள் வாங்கிக்கொண்டிருப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, விலை அதிகம் என்று பட்டால் இன்சுலா என்ற பகுதி தூண்டப்படுவதைக் கண்டார்கள். உடல் வலி, அருவருப்பு போன்றவற்றிலும் பங்குள்ள பகுதி அது. காசு கொடுப்பது நிஜமாகவே கொஞ்சம் வலிக்கிறது. பத்து, இருபது ரூபாய்க்கு அந்த வலி எழுவதே அரிது. ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்து எண்ணிக் கொடுக்காதபோது இன்னும் குறைகிறது. ட்ராசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து டிக்கெட் ஏலத்தில் கிரெடிட் கார்டில் கட்டச் சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்டார்கள். க்யூஆர் அட்டையும் கிரெடிட் கார்டும் ஒன்றல்ல. யுபிஐயில் பணம் கணக்கிலிருந்து உடனே போய்விடுகிறது. ஆனாலும் பர்ஸ் மெலிவது கண்ணில் படாதது இரண்டுக்கும் பொது. சிறு செலவுக்கென்று முன்கூட்டியே பணத்தை மாற்றி வைத்துக்கொள்ளும் யுபிஐ லைட் வசதி இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். சிறு தொகைக்கு ரகசிய எண்ணே (PIN) கேட்காது. வங்கிப் பாஸ்புக்கில் லைட்டுக்கு மாற்றிய மொத்தத் தொகை மட்டும் தெரியும், ஒவ்வொரு டீயும் தெரியாது.

ஆகவே முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். தொகை, நேரம், இடம், கூட யார் என்ற நான்கையும் காசு கொடுத்த அந்த நிமிடமே குறிக்க வேண்டும். இரவு உட்கார்ந்து யோசித்து எழுதினால் சிறு தொகைகள்தான் முதலில் மறந்துபோகும். ஏழு நாள் முடிந்ததும் தாளைப் பார்த்தால், செலவின் பெரும்பகுதி இரண்டு மூன்று இடங்களிலேயே குவிந்திருக்கும். பஸ் நிலையம், பள்ளி வாசல், சந்தைக்குப் போன நாள் என்று இருக்கலாம். உங்கள் விளக்குகள் அவைதான்.

அடுத்து, வாரத் தொகையை முடிவு செய்வது. எழுதியதில் 360 ரூபாய் வந்தால் 240 வையுங்கள். சைபர் வைக்கிறவர்கள் இரண்டாம் வாரமே முறித்துவிடுகிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை ஆராய்ந்த பீட்டர் ஹெர்மனும் ஜேனட் போலிவியும் கண்டது இதே குணத்தைத்தான். எல்லை ஒரு முறை தாண்டியதும் ‘ஆனது ஆச்சு’ என்று மிச்சத்தையும் விட்டுவிடுகிறோம். கணக்கை மாதத்துக்கு என்று போடுவதும் தவறு. மாதத் தொகை முதல் பத்து நாளிலேயே தீர்ந்துவிடும்.

அந்த 240-ஐ ரொக்கமாக, பத்தும் இருபதுமாக எடுத்து, இரண்டு கவரில் 120 வீதம் போட்டு ஒட்டுங்கள். ஒன்று திங்கள் முதல் வியாழன் வரை, மற்றது வெள்ளி முதல் ஞாயிறு வரை. பிரித்து ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. திலீப் சோமனும் அமர் சீமாவும் இந்தியக் கிராமப்புறக் கூலித் தொழிலாளர்களிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சேமிப்பை ஒரே உறையில் வைத்தவர்களைவிட இரண்டு உறைகளில் பிரித்து வைத்தவர்கள் அதிகம் சேமித்தார்கள். ஒட்டிய உறையைக் கிழிக்கும்போது கை ஒரு கணம் நிற்கிறது. உறையின் மேல் பிள்ளைகளின் படம் இருந்தபோதும் சேமிப்பு கூடியது. யுபிஐ லைட்டில் இருக்கும் மிச்சத்தை வங்கிக் கணக்குக்கே திருப்பிவிட்டு, தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

விளக்குக்கு எதிராக மன உறுதி அதிக நேரம் நிற்காது. முன்கூட்டியே எடுத்த முடிவு நிற்கும். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இடத்தையும் செயலையும் சேர்த்துத் தீர்மானித்தவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்ஸர் காட்டியிருக்கிறார். ‘இனி குறைவாகச் சாப்பிடுவேன்’ என்பது பலிக்காது. ‘பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையிலுள்ள வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே எதிர்ப்பக்கமாக நடப்பேன்’ என்பது பலிக்கும். கடலை பையில் இல்லாத நாளில் திட்டம் தோற்கும், அதனால் ஞாயிறன்றே ஆறு பொட்டலம் கட்டி வைத்துவிட வேண்டும்.

நண்பர்களோடு குடிக்கும் டீ வேறு வகை. அதை வெட்டுவது சரியென்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. சிக்கல் ‘நான் கொடுக்கிறேன்’ என்று நான்கு பேருக்கும் சேர்த்துக் கொடுப்பதில் வருகிறது. ஆளுக்கொரு கிழமை என்று முறை வைத்துக்கொண்டால் அந்தத் தொகையையும் கவரில் சேர்த்துவிடலாம், யார் மனதும் நோகாது.

தருமபுரிப் பக்கம் பட்டுக்கூடு, மாங்காய், தக்காளி என்று பணம் மொத்தமாக வரும் வீடுகளில் நிலைமை வேறு. மொத்தமாக வந்த பணத்தை மனம் தாராளமாகச் செலவு செய்யும். கடனும் இடுபொருள் செலவும் போக 36,000 நிற்கிறது, அடுத்த வரவுக்கு ஆறு வாரம் என்றால், வாரம் 6,000 மட்டும் வீட்டுச் செலவுக்கு எடுங்கள். தின்பண்டக் கவரும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

குறைத்த 120 ரூபாய் கணக்கிலேயே கிடந்தால் வேறொன்றில் கரைந்துவிடும். வட்டி அதிகமான கைமாற்றுக் கடன் இருந்தால் முதலில் அதற்குப் போகட்டும். டீச் செலவைவிட வட்டிதான் வீட்டை அதிகம் அரிக்கும். கடன் இல்லாதவர்கள் அஞ்சலகத் தொடர் வைப்பில் சேரலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து பத்தின் மடங்குகளில், ஐந்து ஆண்டு கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், நான்கு தவணை தவறினால் கணக்கு முடங்கும். வாரம் 120 என்றால் நான்கு வாரத்துக்கு 480 வருகிறது. ஆனாலும் 400-இல் தொடங்குங்கள். திருவிழா மாதத்தில் கவர் சீக்கிரமே காலியாகும், அப்போது தவணை தவறாமல் இருக்க அந்த 80 கையில் இருக்க வேண்டும்.